ஊரில் ஆள் குறைந்தும் கண்மாயில் ஏன் தண்ணீர் இல்லை?

பேரையூர்ப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாத்தா காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஏழெட்டுப் பேர். கண்மாய் பெருகி நெல் விளைந்தது. இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, கண்மாய் முழுக்கச் சீமைக் கருவேலம். மக்கள்தொகை கூடினால் வளம் குறையும், குறைந்தால் வளம் மிஞ்சும் என்று படித்தோம். எங்கள் ஊரில் இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்கிறதே? இது போதாதென்று, கூடுதலாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று தலைவர்கள் வேறு சொல்கிறார்கள். எதைத்தான் நம்புவது? கண்மாய்க்குக் கீழே நாலு ஏக்கர் இருக்கிறது. வைத்துக்கொள்வதா, விற்பதா?"

கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் பள்ளியில் படித்தது ஒரு வகுத்தல் கணக்கு. இருக்கிற தண்ணீரை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று வரும். இந்தியாவில் 1951-ல் தலைக்கு ஆண்டுக்கு 5,177 கன மீட்டர், 2011-ல் 1,545 கன மீட்டர். பெய்கிற மழை ஏறக்குறைய அதேதான். ஆட்கள் 36 கோடியிலிருந்து 121 கோடி ஆகிவிட்டார்கள். கணக்கில் தவறு கிடையாது. ஆனால் தண்ணீர் எங்கிருந்தோ வந்து தானாக நின்றுகொண்டிருக்கிறது, நாம் பங்கு போட்டால் போதும் என்கிற எண்ணம் அதற்குள் இருக்கிறது. மதுரைக்கு மேற்கிலும் தெற்கிலும் தண்ணீர் அப்படி நிற்காது. ஆட்கள் சேர்ந்து நிறுத்தினால்தான் நிற்கும்.

பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டி வட்டாரத்தில் பெரும்பாலானவை மழையை நம்பிய கண்மாய்கள். மேற்கே மலையடிவாரத்திலும் மேட்டுக்காட்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை ஓடையில் இறங்கி, வரத்துக்கால்வாய் வழியாக வந்து சேர வேண்டும். ஒரு கண்மாய் நிறைந்து, மிஞ்சிய நீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் அந்த மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்கு. நடுவில் ஓரிடத்தில் கால்வாய் தூர்ந்தாலோ, மேலே ஒரு கரை உடைந்தாலோ, கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் அந்த வருஷம் வெள்ளாமை இல்லை.

இது அறுபடாமல் இருப்பதற்கு எத்தனை கைகள் வேண்டியிருந்தன என்று பாருங்கள். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளுவார்கள். தூர்வாருகிறோம் என்று நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. யூரியா பரவுவதற்கு முன்னால் வயலுக்கு அதுதான் சத்து. குயவருக்கு மண்ணும் அங்கிருந்துதான், வீடு கட்டுகிறவருக்குச் செங்கல்லுக்கான மண்ணும் அங்கிருந்துதான். மாட்டு வண்டிகள் கரை ஏறி இறங்கியபடியே இருக்கும். மழைக்காலம் தொடங்குமுன் வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும், வராத வீட்டுக்கு அபராதம். குடிமராமத்து என்பது இதுதான். அடைமழை பிடித்த ராத்திரிகளில் கரையில் காவல் போடுவார்கள். எலி வளையிலோ நண்டு வளையிலோ தண்ணீர் கசிய ஆரம்பித்தால் விடிவதற்குள் அது கரையையே கொண்டுபோய்விடும், உடனே வைக்கோலும் மண்ணும் திணிக்க ஆள் வேண்டும்.

அப்புறம் நீர்பாய்ச்சி. மடையில் முங்கி அடைப்பை எடுப்பவர், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துத் தண்ணீர் விடுபவர் அவர். அவருக்குக் கூலி பணமாக வராது, களத்தில் நெல்லாக அளப்பார்கள். பல ஊர்களில் அந்த வேலையில் இருந்தவர் ஊரின் கடைசித் தெருவில் வைக்கப்பட்டவர். அதனால் அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய பிள்ளைகள் படித்து வெளியேறியது நல்லது, அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அவர் செய்த வேலையை எடுத்துச் செய்ய, சம்பளத்துக்குக்கூட, யாரையும் வைக்கவில்லை.

ஆள் குறைவதற்கு முன்பே தொடங்கிய இன்னொன்றும் உண்டு. ஆழ்துளைக் கிணறும் விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தபின், வசதியுள்ளவருக்குக் கண்மாய் தேவைப்படவில்லை. ஊர்க்கூட்டத்தில் பேச்சு எடுபடுகிறவர் அவர். அவருக்கே அக்கறை இல்லையென்றால் வரி யார் போடுவது, ஆளை யார் கூப்பிடுவது? மாடுகள் போயின, மாட்டு வண்டி போயிற்று, வண்டல் அள்ளுவதும் நின்றது. இளவட்டங்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று கிளம்பினார்கள்.

சேடபட்டிக்கு மேற்கே ஒரு வரத்துக்கால்வாயை நடந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கால்வாயின் தரையும் பக்கத்துக் காட்டின் தரையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். பாலத்துக்கு அடியில் முழங்கால் உயர இடைவெளிதான் மிச்சம், அதிலும் பிய்ந்த ஃபிளக்ஸ் பேனரும் பாட்டில்களும். ஓரிடத்தில் டிராக்டர் போவதற்காகக் கால்வாயைக் குறுக்கே மண் போட்டு மூடியிருக்கிறார்கள், குழாய்கூடப் பதிக்கவில்லை. போட்டவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அந்தக் கால்வாயில் தண்ணீர் வந்து பல வருஷம் ஆயிற்று, அவருக்கு அது கால்வாயாகவே தெரியவில்லை.

கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது மாவட்டமே வெட்டியது. தூரோடு பிடுங்காமல் வெட்டிய இடங்களில் அடுத்த மழைக்கே தழைத்துவிட்டது. அதே ஆண்டு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டமும் கொண்டுவந்தது. பல கண்மாய்களுக்குப் பலன் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒருமுறை ஜேசிபி வைத்து அள்ளுவதும், ஆண்டுதோறும் ஊரே இறங்கிப் பார்ப்பதும் ஒன்றாகாது. 2008-ல் எல்லா மாவட்டங்களுக்கும் வந்த நூறு நாள் வேலையும் கண்மாய்களுக்குள் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் வயதானவர்கள். அவர்களிடம் போய்க் கரையைப் பலப்படுத்து, மடைக் கதவை மாற்று என்று சொல்ல முடியுமா? முடிந்ததைச் சுரண்டினார்கள்.

ஆக, உங்கள் ஊரில் குடிப்பவர்கள் குறைந்தார்கள், தண்ணீரைப் பிடித்து வைப்பவர்களும் கூடவே குறைந்தார்கள். இரண்டாவது குறைவுதான் பெரிதாக அடித்திருக்கிறது. புஞ்சைக் காட்டிலும் இதைப் பார்க்கலாம். தரிசு கூடிய இடங்களில் காட்டுப்பன்றியும் மயிலும் பெருகி, மிச்சம் விவசாயம் செய்கிற ரெண்டு மூன்று பேரின் மக்காச்சோளத்தையும் கடலையையும் காலி செய்கின்றன. சுற்றிலும் வெள்ளாமை இருந்தபோது அந்தச் சேதம் பலர் மேல் பரவியது. இப்போது விடாமல் உழுபவர் தலையில் மொத்தமாக விழுகிறது.

சரி, போனவர்கள் எங்கே போனார்கள்? மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 25.78 லட்சம், 2011-ல் 30.38 லட்சம். அதற்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்கவில்லை, 2021-ல் நடக்க வேண்டியது 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. மாவட்டம் வளர்ந்தது, உங்கள் ஊர் தேய்ந்தது. மதுரை மாநகராட்சி 72 வார்டுகளில் இருந்து 100 வார்டுகளாகி, பரப்பில் சுமார் 52 சதுர கிலோமீட்டரில் இருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. விளாங்குடி, ஆனையூர், ஒத்தக்கடை, ஊமச்சிகுளம் என்று எந்தப் பக்கம் போனாலும் நஞ்சையில் வீட்டுமனைக்கான மஞ்சள் கல் நட்டிருப்பதைப் பார்க்கலாம்.

ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் ஒன்று இங்கேதான் இருக்கிறது. வளத்தைத் தின்பது தலை மட்டும் அல்ல, வீடும்தான். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், சுமார் 1.85 கோடிக் குடும்பங்கள், குடும்பத்துக்கு நாலு பேர்கூட இல்லை. உங்கள் தாத்தா வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, முற்றத்தில் ஒரு விளக்கு. இன்று அந்த வாரிசுகளில் ஒரு மகன் கூடல் நகரில், மகள் தாம்பரத்தில், இன்னொருவர் கோவையில் என்று வையுங்கள். மூன்று வீட்டிலும் சேர்த்து எட்டுப் பேர்தான் இருப்பார்கள். ஆனால் மூன்று மோட்டார், மூன்று ஃப்ரிட்ஜ், மூன்று வாஷிங் மெஷின், குடிக்க ஒரு லிட்டர் கொடுத்துவிட்டு அதைவிட அதிகமாகச் சாக்கடைக்கு அனுப்புகிற மூன்று ஆர்.ஓ. மெஷின். மூன்று மனையிலும் சிமென்ட், மணல், ஜல்லி. பூட்டிக் கிடக்கிற ஊர் வீட்டைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஜனத்தொகை நின்றுபோனாலும் வீடுகளின் எண்ணிக்கை இன்னும் பல ஆண்டுகளுக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

"அப்போ நகரம்தான் எங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டதா" என்று அடுத்து கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதுரை நகரமும் புறநகரும் சேர்த்து 15 லட்சம் பேர் என்று வைப்போம். தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான அளவுகோல். எல்லா வார்டுக்கும் அது கிடைக்கிறதா என்று கேட்டால் குடத்தோடு லாரிக்கு நிற்பவர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் கிடைப்பதாகவே வைப்போம். ஆண்டுக்குச் சுமார் 2.6 டி.எம்.சி. வரும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). வைகை அணையின் முழுக் கொள்ளளவு 6 டி.எம்.சி.க்குச் சற்று மேல், அதில் பாதிகூட இல்லை. இப்போது நெல்லுக்கு வாருங்கள். ஒரு போகத்துக்கு வயலில் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 48 லட்சம் லிட்டர். நூறு பேர் ஓராண்டு முழுக்க வீட்டில் புழங்குகிற தண்ணீர் அது. பேரணையில் இருந்து கள்ளந்திரி வரை பெரியாற்று இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். அதற்கு ஒரு போகத்துக்கு மட்டும் 7.7 டி.எம்.சி. ஆகிறது. ஒரு பகுதியை மழை கொடுக்கும், ஆனாலும் நகரத்தின் குடிநீரைப் போல் ரெண்டு மூன்று மடங்கு. மேலூர் பக்கம் ஒருபோகம் 85,563 ஏக்கர் தனி.

இதை வைத்து விவசாயியைக் குற்றவாளியாக்கினால் அது அபத்தம். அந்த அரிசியைத் தின்பது நகரமும்தான். நான் சொல்ல வந்தது, தண்ணீர் எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையைவிட, என்ன பயிர் வைக்கிறோம், எப்படிப் பாய்ச்சுகிறோம் என்பதுதான். நகரம் செய்கிற கெடுதல் வேறு மாதிரி. குடிப்பதைவிடக் கெடுப்பது அதிகம். கிருதுமால் நதி இன்று சாக்கடை. செல்லூர்க் கண்மாயிலும் வண்டியூர்க் கண்மாயிலும் கழிவுநீர் கலக்கிறது. மழை வந்தால் போக வழியில்லாமல் அதே தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, 2024 அக்டோபரில் செல்லூர்க்காரர்கள் பட்டது போல. உங்கள் ஊரில் கண்மாய் ஆளில்லாமல் வீணானது, இங்கே ஆள் நெருக்கத்தில் வீணானது. ரெண்டு இடத்திலும் கண்மாய் தன் பொறுப்பு என்று நினைக்க ஒருவர் இல்லை.

உள்ளூர் ஜனத்தொகைக்குச் சம்பந்தமே இல்லாமல் போகும் வளமும் உண்டு. மேலூர்ப் பக்கம் கீழவளவு வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்தது அந்த ஊர்க்காரர்கள் தரைக்குக் கல் பதிக்கவா? 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது அரிட்டாபட்டி. ரெண்டே வருஷத்தில் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஜனங்கள் திரண்டு எதிர்த்தபின் 2025 ஜனவரியில் ரத்தானது. அங்கே மலையும் சுனையும் தப்பியதற்குக் காரணம் அந்த ஊர்களில் இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்பதுதான். பாதி வீடு பூட்டிக் கிடக்கும் ஊரில் யார் ஊர்வலம் போவார்கள் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

ஆள் பெருகினால் பட்டினிதான் என்று 1798-ல் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் மால்தஸ் எழுதினார். நம் பக்கம் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். அன்றைக்கு ஆந்திரம், மலபார் எல்லாம் சேர்ந்த சென்னை மாகாணம் முழுவதிலும் மூன்று கோடியைச் சற்றே தாண்டிய ஜனங்கள்தான். இன்று தமிழ்நாட்டில் மட்டும் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆள் குறைவாக இருந்த அந்தக் காலத்தில்தான் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்ததும், கையில் காசில்லாதவனுக்குச் சந்தை ஒன்றும் தராது என்பதும்தான் சாவைப் பெருக்கின. அந்தப் பஞ்சத்தின் நெருக்கடிதான் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் கொடுத்தது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை இல்லையென்றால் மேலே சொன்ன இருபோகமும் இல்லை, மேலூர் ஒருபோகமும் இல்லை. நாடு முழுக்கப் பார்த்தாலும், 1951-க்குப் பின் ஜனத்தொகை நாலு மடங்கானது, உணவு தானியம் 5 கோடி டன்னில் இருந்து 33 கோடி டன்னுக்கும் மேலாக, ஆறு மடங்குக்கு மேல் போனது. மால்தஸ் தோற்றார் என்று கைதட்டுவதற்கு முன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆறு மடங்கில் ஒரு பகுதியை நிலத்தடி நீரிடம் கடன் வாங்கித்தான் விளைவித்திருக்கிறோம்.

பிள்ளைப்பேறு ஏன் குறைந்தது என்பதற்கு வருகிறேன், அதில் மதுரைக்கு ஒரு கறையும் உண்டு. தமிழ்நாட்டில் 1971-ல் ஆயிரம் குழந்தை பிறந்தால் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் 13. பிறந்தது பிழைக்கும் என்று தெரிந்தால் எட்டுப் பெற வேண்டியதில்லை. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், கல்யாண வயது ஏறியது, 1982-ல் சத்துணவு விரிவானது, ஆரம்ப சுகாதார நிலையம் ஊருக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை இருந்தால் ஜனத்தொகை ஏறாமல் இறங்காமல் நிற்கும். தமிழ்நாடு 2000-ஐ ஒட்டி அந்த இடத்துக்கு வந்துவிட்டது, 2020-ல் 1.4. கறை என்று சொன்னது உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை. 1980-களின் நடுவில் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் வெளியுலகம் பேசியது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம், 1994-ல் கருவில் பாலினம் பார்ப்பதற்குத் தடைச் சட்டம். சின்னக் குடும்பம் வேண்டும், அதில் ஆண் பிள்ளை கட்டாயம் வேண்டும் என்ற இரண்டும் சேர்ந்தால் பலியாவது யார் என்பதை இந்த மாவட்டம் காட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் ஏறக்குறைய முழுவதும் பெண்கள் உடம்பின் மேல்தான். குறைந்த பிறப்பு விகிதத்தைச் சாதனை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

பிறப்பு குறைந்தாலும் ஜனத்தொகை உடனே குறையாது. முன்பு பிறந்த பெரிய கூட்டம் பிள்ளை பெறும் வயதில் இருக்கும்வரை கூடிக்கொண்டே போகும். அந்தக் கூட்டம் இப்போது முதுமைக்குள் நுழைகிறது. தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள். இதனால் தட்டுப்படப்போகும் முதல் வளம் ஆள்தான். மல்லிகை வைத்திருக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். பூ மொட்டாகப் பறிக்க வேண்டும், விடியற்காலை வெயில் ஏறுமுன் பறித்து மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. குனிந்தபடி ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளுகிற வேலைக்கு மெஷின் கிடையாது. அதைச் செய்யும் பெண்களுக்கு வயதாகிறது, அவர்களுடைய மகள்கள் ஜவுளிக்கடையிலோ மில்லிலோ இருக்கிறார்கள். சீசனில் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமல் செடியிலேயே பூவை விட்டவர்கள் உண்டு. நகரத்தில் ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பையன்கள் அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். அவர்களை வைது பேசுவது இங்கே சிலருக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் ஒரு மாதம் வராவிட்டால் வைதவர் வீட்டுக் கட்டுமானமும் நிற்கும்.

தலைவர்கள் சொன்னதற்கு வருவோம். 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடுவும், 2025 மார்ச்சில் மு.க.ஸ்டாலினும் பிள்ளை பெறுவது பற்றிப் பேசியதற்குப் பின்னால் இருப்பது தண்ணீரும் நிலமும் அல்ல, முதியோர் கூடுவது பற்றிய கவலையும் பங்கும். மக்களவைத் தொகுதிகளை 1971 ஜனத்தொகைப்படியே உறைய வைத்தது 1976-ல் வந்த அரசியல் சட்டத் திருத்தம், 2001-ல் அதை நீட்டித்தார்கள். புதுக் கணக்குப்படி பிரித்தால் பிறப்பைக் குறைத்த மாநிலங்களின் எடை குறையும். இது கற்பனை பயம் இல்லை, 1967-லேயே தமிழ்நாடு 41-ல் இருந்து 39 தொகுதிக்கு இறங்கியது. வரிப் பங்கிலும் 15-வது நிதிக்குழு 2011 ஜனத்தொகைக்கு 15 சதவீத மதிப்பு கொடுத்தது, பிறப்பைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 சதவீதம் கொடுத்து ஓரளவு ஈடுகட்டியது. இந்த வாதம் நியாயமானது. ஆனால் அதற்கு விடை டெல்லியில் சூத்திரத்தை மாற்றுவதில் இருக்கிறது, உசிலம்பட்டிப் பெண்ணின் வயிற்றில் இல்லை.

பேச்சால் பிள்ளை பிறக்காது என்பதற்குத் தென் கொரியாவே போதும். பணம், விடுப்பு, வீடு என்று கொட்டிப் பார்த்தும் 2023-ல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்றுதான் வந்தது. ஜப்பானில் அதே ஆண்டுக் கணக்கில் 90 லட்சம் வீடுகள் காலி. நம் ஊர்ப் பூட்டிய வீடுகளின் பெரிய பதிப்பு. அப்படியே இங்கே யாராவது மூன்று நான்கு பெற்றாலும் அந்தப் பிள்ளை பேரையூரில் மண்வெட்டி எடுக்குமா? படித்துவிட்டு அதுவும் பஸ் ஏறும். என் கருத்தைக் கேட்டால், எத்தனை பெறுவது என்பதை அந்தந்தப் பெண்ணிடம் விட்டுவிடலாம், அரசு அக்கறை காட்ட வேண்டியது கண்மாய்க்குச் சம்பளத்தோடு ஆள் போடுவதில். மின்வாரியத்தில் லைன்மேன் இருக்கிறார், கண்மாய்ச் சங்கிலிக்கு ஏன் ஒருவர் இருக்கக் கூடாது?

உங்கள் நாலு ஏக்கர். அவசரப்பட்டு விற்காதீர்கள். முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாயில் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தை வாங்கி, வரத்துக்கால்வாயை ஓடையில் இருந்து கண்மாய்வரை நடந்தே பாருங்கள். கண்மாயைத் தோண்டுவதற்கு முன்னால் அதைத்தான் சரி பண்ண வேண்டும், தண்ணீர் வரும் வழி அடைபட்டிருக்கையில் குழியை ஆழப்படுத்தி என்ன செய்ய? ஆக்கிரமிப்பு இருந்தால், நீர்வளத்துறைக் கண்மாய்க்கு 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி மனுக் கொடுக்கலாம். வண்டல் வேண்டுமென்றால் 2024 முதல் தாசில்தார் அலுவலகத்திலேயே அனுமதி வாங்கி இலவசமாக எடுக்கலாம்.

நெல்லை மறந்துவிடுங்கள். உங்கள் மண்ணுக்குக் குதிரைவாலி பழக்கப்பட்ட பயிர், டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் இன்னும் விதைக்கிறார்கள். மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் தாங்கும், ஆள் செலவும் குறைவு. ஊரில் உழுகிறவர் யாராவது மிச்சம் இருந்தால் விளைச்சலில் பங்கு என்று பேசி வாரத்துக்கு விடுங்கள், தரிசாகப் போட்டால் நாலைந்து வருஷத்தில் கருவேலம் ஏறிவிடும், பிறகு பிடுங்குகிற செலவில் பாதி நிலம் வாங்கலாம்.

இன்னொரு வேலை உங்களைப் போன்றவர்களால்தான் முடியும். அந்த ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது வெளியூரில் இருப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்ப முடியாது, ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் அனுப்ப முடியும். எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, புரட்டாசிக்கு முன் கால்வாய் சுத்தம் பண்ண ஒரு தொகை, ஊரில் இருக்கிற ஒருவருக்கு மடையையும் கரையையும் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளம் என்று தொடங்கிப் பாருங்கள். வரவு செலவை அதே குழுவில் மாதாமாதம் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ரெண்டாவது வருஷம் யாரும் பணம் அனுப்ப மாட்டார்கள்.